கர்த்தர் மன்னித்தார் என்கிறார்கள், அந்த ஈரக் கை மட்டும் ஏன் கண்ணை விட்டுப் போகவில்லை?

பாலாற்று மணல் | சாம்பல் புதன், இரவு 11.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. முகம் தெரியாத இடம் என்பதால் எழுதுகிறேன்.

வயது 41. காட்பாடியில் இருக்கிறேன், சிஎஸ்ஐ சபை. 9 வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன்.

17 வருடத்துக்கு முன்னால் குடியாத்தத்தில் அத்தை வீட்டில் தங்கி ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அத்தை தெருவில் சீட்டுப் பிடிப்பார். 20 பேர் சீட்டு, மாதம் 2,000. அந்த மாதம் ஒருவர் மட்டும் பாக்கி, மற்ற 19 பேர் கட்டிய 38,000 ரூபாய் பீரோவில் இருந்தது. பீரோ சாவி வசனக் காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நான் நண்பனோடு சேர்ந்து ரீசார்ஜ் கடை போட்டு நஷ்டப்பட்டிருந்தேன். தண்டல்காரர் கடை வாசலில் வந்து நின்று கத்த ஆரம்பித்த வாரம் அது. நான் எடுத்துவிட்டேன்.

பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருவார். பழி அவர்மேல் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் கற்பூரம் கொண்டுவந்தார், அந்த அக்கா அதை ஏற்றி அடித்துச் சத்தியம் செய்தார். "உன் சாமியை எனக்குத் தெரியாது" என்று அத்தை பைபிளை நீட்டினார். அதன்மேலும் கை வைத்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவரை அப்படியே கூப்பிட்டிருந்தார்கள், கை ஈரம். கறுப்பு அட்டையில் ஐந்து விரலும் பதிந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துபோனது. நான் காபி டம்ளரோடு கதவோரம் நின்றிருந்தேன்.

அந்தத் தெருவில் அப்புறம் யாரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் நான் ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். சமாதானமும் கிடைத்தது, பொய் சொல்லவில்லை. பாவத்தையெல்லாம் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் திருவிருந்துக்கு முழங்கால் போட்டால் அந்த ஈரக் கைதான் வருகிறது. மூன்று மாதமாக அப்பம் வாங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிப் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

உண்மையிலேயே மன்னித்துவிட்டாரா? மன்னித்துவிட்டார் என்றால் இது ஏன் போகவில்லை? என் விசுவாசக் குறைவா?

சத்துவாச்சாரி அக்கா | வியாழன், காலை 5.50

தம்பி, படித்ததும் கண் கலங்கிவிட்டது. கவலைப்படாதீர்கள். அறிக்கையிட்டால் மன்னிக்க அவர் உண்மையுள்ளவர். மன்னித்ததைத் திரும்பத் தோண்டி உங்கள் முன்னால் வைப்பது பிசாசின் வேலை. தினமும் காலையில் ரோமர் 8ஆம் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். பழையதை விட்டுவிடுங்கள். ஜெபிக்கிறேன்.

ஆம்பூர் காலை ஷிப்ட் | வியாழன், காலை 6.15

அந்த அக்காவுக்கு இது தெரியுமா?

பாலாற்று மணல் | வியாழன், காலை 9.02

தெரியாது. எங்கே இருக்கிறார் என்றும் விசாரித்ததில்லை.

ஆம்பூர் காலை ஷிப்ட் | வியாழன், இரவு 8.30

காலையில் கம்பெனி பஸ் வந்துவிட்டது, அதனால் ஒரு வரியில் நிறுத்தினேன். இப்போது எழுதுகிறேன். கோபமாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஷூ கம்பெனியில் தையல் செக்ஷன். சில வருடம் முன்னால், வேறொரு கம்பெனியில், சூப்பர்வைசர் போன் காணவில்லை. அன்று அந்த மேஜைப் பக்கம் போனவள் நான் ஒருத்திதான். 11 நாள், கேட்டில் எல்லாப் பெண்களும் பார்க்க என் பையை மட்டும் கொட்டிச் சோதித்தார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பன்னிரண்டாம் நாள் அவருடைய பைக் பெட்டிக்குள்ளேயே போன் கிடந்தது. என் பையைக் கொட்டவில்லை, அவ்வளவுதான். ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சோதித்தபோது 80 பேர் பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை என்பது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? இன்றைக்கும் யாராவது "என் பர்ஸ் எங்கே" என்று சத்தமாகக் கேட்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். நான் தப்பே செய்யவில்லை, வெட்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அண்ணா, உங்களுடையதில் "நான் மன்னிக்கப்பட்டேனா" என்று நாலு இடத்தில் இருக்கிறது. அந்த அக்கா சாப்பிட்டாரா, பிள்ளைகள் படித்தார்களா என்று ஓர் இடத்திலும் இல்லை. நானும் விசுவாசிதான், எங்கள் சபையில் பாடுகிறேன். அவருடைய பெயர் உங்களிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் ஆண்டவரிடம் மட்டும் கணக்கை முடித்துக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆரணித் தறி | வியாழன், இரவு 10.10

நான் முருக பக்தன், இந்தப் பக்கம் வாசிக்க மட்டும் வருவேன். சந்தேகமாகத்தான் கேட்கிறேன், யாரையும் புண்படுத்த இல்லை.

வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். நீங்கள், ஒருவர் விதைத்ததை இன்னொருவர் அறுத்துவிட்டார் என்கிறீர்கள். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் விதைத்தவனுக்கு நிம்மதி, மிதிபட்ட பயிருக்கு? அந்த அம்மாவுக்கு உங்கள் கிருபை எதைக் கொடுத்தது?

பட்டு நெசவில் பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்திவிட்டு, அந்த ஒற்றை இழையைத் தேடி முடிச்சுப் போட்டு, அப்புறம்தான் ஓட்ட வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டு ஓட்டினால் நெய்ய நெய்ய அந்தக் கோடு சேலை முழுக்க ஓடும். இந்த நண்பர் 17 வருடம் அப்படி ஓட்டியிருக்கிறார் என்று படுகிறது.

கிராமச் சபை ஆயர் | வெள்ளி, மதியம் 3.25

மூன்று முறை எழுதி அழித்தேன். ஆரணி நண்பரின் கேள்விதான் இந்த இழையின் நடுக்கேள்வி. அவருக்கு நன்றி.

முதலில் தம்பிக்கு. மன்னித்தாரா என்று கேட்டீர்கள். மன்னித்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் நல்லவர் என்பதற்காக இல்லை, சிலுவையில் கிறிஸ்து உங்களுக்காக மரித்தார் என்பதற்காக. நீங்கள் அந்த அக்காவைப் போய்ப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அதில் ஒரு காசு கூடாது, குறையாது. கிருபை என்றால் அதுதான். இயேசு சொன்ன கதையில் ஊதாரி மகன் திரும்பி வருகிற வழியெல்லாம் ஒரு பேச்சைப் பாடம் பண்ணிக்கொண்டு வருகிறான். தகுதியில்லை, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று. அப்பனோ தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் செய்கிறான். கூலிக்காரன் என்கிற பகுதியைச் சொல்லி முடிக்க விடவே இல்லை. நம் ஊரில் ஒரு பெரிய மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் மகனை நோக்கி ஓடுவதை யோசித்துப் பாருங்கள். ஊர் பார்க்க அந்த வெட்கத்தை அவர் தன்மேல் எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் மன்னிப்பு அங்கேயே நின்றுவிடுகிறதா? வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்குள் போகிறார். எந்த நிபந்தனையும் போடவில்லை, எவ்வளவு அடித்தாய் என்று கேட்கவில்லை. போன பிறகுதான் அவன் எழுந்து நின்று, அநியாயமாக வாங்கினதை நாலத்தனையாகத் தருகிறேன் என்கிறான். வரிசையைக் கவனியுங்கள். திருப்பிக் கொடுத்ததால் அவர் வந்தார் என்று இல்லை. அவர் வந்ததால் இவனுக்குத் திருப்பிக் கொடுக்கத் தெம்பு வந்தது. ஆரணி நண்பரே, பரிகாரம் செய்து கடவுளைச் சமாதானப்படுத்துவது ஒன்று. கடவுளோடு சமாதானமாகிவிட்டோம் என்பதால் பயமில்லாமல் போய்ப் பட்ட கடனை அடைப்பது வேறு. நாங்கள் பிரசங்கத்தில் முதல் பாதியை உரக்கச் சொல்கிறோம், இரண்டாவதை முணுமுணுக்கிறோம். மிதிபட்ட பயிரைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். மோசேயின் நியாயப்பிரமாணத்திலேயே, திருடினதை முழுசாகக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இயேசுவும், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்கிறார். தம்பி, மூன்று மாதமாக நீங்கள் அப்பத்தைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனது என்னவோ சரியான இடத்தில்தான் உங்களை நிறுத்தியிருக்கிறது.

இன்னொன்று. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்தது கரிநெருப்பின் பக்கத்தில். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் அவனுக்காகப் போட்டு வைத்திருப்பதும் கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டு இடத்தில் மட்டும். அதே புகை வாசனையில் உட்காரவைத்து, மூன்று தரம் மறுத்தவனிடம் மூன்று தரம் கேட்கிறார், "என்னை நேசிக்கிறாயா?" மறந்துவிடு என்று சொல்லவில்லை. அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய் அங்கே வேலை கொடுக்கிறார். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸும் மனம் நொந்தவன்தான், காசைக்கூடத் திருப்பிக் கொண்டுபோனான். ஆனால் ஆசாரியர்களிடம் போனான். அவர்கள் "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்றார்கள். ஒரு சபை ஒரு மனிதனிடம் சொல்லவே கூடாத சொல் அது.

போவதாக இருந்தால் சில விஷயம். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அடுத்து அத்தை. அந்த அக்காவிடம் "சூழ்நிலை", "தெரியாமல்" என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். எடுத்தது நான், பழி உங்கள்மேல் விழுந்தபோது பார்த்துக்கொண்டு நின்றேன், இவ்வளவுதான். அழுது அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்லவைத்துவிடாதீர்கள். மன்னிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் மன்னிக்காமல் போகலாம், அது அவருடைய உரிமை. உங்களுக்கு ஆண்டவர் கொடுத்த மன்னிப்பு அதனால் ரத்தாகாது.

வாலாஜா விசுவாசி | வெள்ளி, இரவு 7.45

கத்தோலிக்கன் என்கிற முறையில் ஒரு சின்னச் சேர்க்கை. எங்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பாவத்தை வாயைத் திறந்து இன்னொரு மனிதர் காதில் சொல்வதில் ஒரு பலன் இருக்கிறது. மனசுக்குள்ளேயே ஜெபிக்கும்போது நாம் வார்த்தையை மழுப்பிவிடுவோம். "தவறிவிட்டேன் ஆண்டவரே" என்போம். குருவின் முன்னால் "38,000 ரூபாய் திருடினேன்" என்றுதான் சொல்லியாக வேண்டும். அதை அவர் யாரிடமும் சொல்லக் கூடாது, அந்த முத்திரையை உடைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. திருடினவரிடம் திருப்பிக் கொடுக்கவும் சொல்வார்.

லெந்தில், அதாவது தவக்காலத்தில், ஒரு வருடம் அப்பாவைப் பற்றி அப்படிச் சொன்னேன். கடைசிக் காலத்தில் அவருக்குச் சோறு ஊட்டும்போது கோபத்தில் கரண்டியைப் பல்லில் இடித்திருக்கிறேன். அவர் இல்லை, போய்க் கேட்க முடியாது. குரு சொன்ன பரிகாரம் ஒன்றுதான்: முதியோர் இல்லத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஊட்டிவிடு, மெதுவாக. இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

கரிகிரியில் இருந்தவன் | சனி, காலை 7.00

ஆம்பூர் சகோதரி எழுதிய ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "தப்பே செய்யவில்லை, வெட்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது." அதற்காக எழுதுகிறேன்.

தொழுநோய் மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தவர். மடங்கிப்போன விரல்களை, வேலை செய்கிற தசைநாணை எடுத்து மாற்றிப் பொருத்தி, நிமிர வைத்தவர். கரிகிரி தொழுநோய் மையம் 1955இல் வந்தது. நான் சேர்ந்தது அதற்கெல்லாம் வெகு காலம் பின்னால். ஆனாலும் என் காலத்திலும் ஆட்கள் வார்டுக்குள் வரும்போது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். பெயர் கேட்டால் சொல்வார்கள், கையைக் காட்டு என்றால் காட்டமாட்டார்கள். எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், "நான் என்ன பாவம் பண்ணினேனோ சார்?"

ஒன்றும் பண்ணவில்லை. அது ஒரு கிருமி. பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா, பெற்றவர் பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றாரே, அதுதான் பதில். இப்படிப்பட்டவரிடம் போய் "ஆண்டவர் உன்னை மன்னிப்பார்" என்று சொன்னால் அதைவிட அநியாயம் இல்லை. அவருக்கு வேண்டியது மன்னிப்பு இல்லை, தொடுதல். எண்ணெய் போட்டு விரலை ஒவ்வொன்றாக நீவிவிடுவோம், அரை மணி நேரம். முதல் நாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். பத்தாம் நாள் பேச ஆரம்பிப்பார்கள். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்துப் பயிற்சியெல்லாம் ஆன பிறகு ஒரு பெரியவர், கிளம்பும்போது துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் வெளியே வீசிக்கொண்டு கேட் வரை நடந்துபோனார். பஸ்ஸுக்கு நேரமிருந்தும் மறுபடி ஒரு தரம் உள்ளே வந்து அப்படியே நடந்து போனார்.

சகோதரி, உங்கள் வெட்கம் உங்களுடையது இல்லை. யாரோ உங்கள் பையில் போட்டது. அதற்கு மன்னிப்புக் கேட்டு ஜெபிக்காதீர்கள்.

தம்பி, உங்களுக்கும் ஒன்று. அந்த நோயில் ஆபத்து வலி இல்லை. வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து. சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள், தோல் கொப்பளிப்பது தெரியாது. அதனால் ராத்திரி தூங்குமுன் உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்போம். உங்களுக்கு 17 வருடமாக வலிக்கிறது. அது விசுவாசக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. உயிரோடு இருக்கிற நரம்பு அது.

சத்துவாச்சாரி அக்கா | சனி, மதியம் 12.20

நான் முதலில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பிசாசின் வேலை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். தம்பி அழுவதை நிறுத்த வேண்டும் என்கிற ஆசையில் அந்த அக்காவை நான் நினைக்கவே இல்லை. ஆம்பூர் பொண்ணு, என்னை மன்னித்துவிடு. உன் பையைக் கொட்டின இடத்தில் நான் நின்றிருந்தாலும் வாயைத் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை.

பாகாயம் செவிலி | சனி, இரவு 9.15

எல்லாருடைய குற்ற உணர்வும் இப்படி ஒரு காரணத்தோடு வருவதில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வாசிப்பவர்களில் யாருக்காவது உதவும்.

சிலர் அறிக்கை செய்து, திருப்பிக் கொடுத்து, எல்லாம் முடித்த பிறகும் ஒரே பாவத்தை நாளைக்கு முப்பது தரம் அறிக்கை செய்துகொண்டே இருப்பார்கள். ஜெபத்தில் ஒரு வார்த்தை தப்பினால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். சின்னப் பொய்க்கு நரகம் என்று தூக்கம் போய்விடும். அது எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டுக்கும் மருந்தும் பேச்சுச் சிகிச்சையும் உண்டு. "இன்னும் விசுவாசி, இன்னும் உபவாசி" என்று அவர்களை நெருக்கினால் நோய் கூடும். சாக வேண்டும் என்கிற எண்ணம் வந்தால் ஜெபக் குறிப்பாக மட்டும் வைத்திருக்காதீர்கள். மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது. மனநல மருத்துவரிடம் போவதால் கிருபை குறைந்துவிடாது.

தம்பி, உங்களுடையது அது இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் தூக்கம் எப்படி இருக்கிறது?

பாலாற்று மணல் | திங்கள், இரவு 10.30

எல்லாவற்றையும் வாசித்தேன். ஆம்பூர் சகோதரி எழுதியதைத்தான் பல தடவை. தூக்கம் பரவாயில்லை அக்கா.

நேற்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். காலையில் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே கேட்டார், "அந்த அக்கா பேர் என்ன?" சொன்னேன். "இத்தனை வருஷத்தில் உங்க வாயில இந்தப் பேர் வந்ததே இல்லையே" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் சனிக்கிழமை அத்தையிடம் போகிறேன்.

பாலாற்று மணல் | லெந்து மூன்றாம் ஞாயிறு, மாலை

அத்தைக்கு 70 தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம், அதனால் இரண்டு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தரம் சொன்னது கஷ்டம்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சீட்டை ஈடுகட்ட அவர் கம்மலை அடகு வைத்து மூழ்கவிட்டார் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். "அவ என் கையைப் புடிச்சிகினு அழுதாடா. நான் உதறினேன். என்னையும் இல்ல பாவியாக்கிட்ட" என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி கொண்டுவந்து வைத்தார், பேசவில்லை.

38,000ம், ஐந்தில் ஒரு பங்கு 7,600ம், மொத்தம் 45,600 கொண்டுபோயிருந்தேன். அத்தை உறையைத் தொடவில்லை. "எனக்கு வேணாம். அவ எங்க இருக்கான்னு கண்டுபிடி. நானும் வரேன்."

ஆம்பூர் காலை ஷிப்ட் | திங்கள், காலை 6.10

அத்தைக்கு என் வணக்கம்.

பாலாற்று மணல் | குருத்தோலை ஞாயிறு, இரவு 11.15

கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது. மாதனூர் பக்கம் ஒரு கிராமம். நேற்றுப் போனோம், அத்தையும் நானும் மனைவியும்.

வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மடியில் முறம், வெட்டின இலை, தூள். அத்தையை அடையாளம் தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அத்தை "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் நின்றபடி சொன்னேன். ஆயர் சொன்னபடி சுருக்கமாக. எடுத்தது நான் அக்கா. நீங்கள் சத்தியம் செய்தபோது நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

அவர் கை நிற்கவில்லை. ஓர் இலையை எடுத்துத் தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டி முறத்தில் போட்டார். அடுத்ததை எடுத்தார். அதைப் பாதியில் வைத்துவிட்டார்.

"நான் உன்ன நெனைக்கவே இல்ல தம்பி" என்றார். "என் புள்ளயத்தான் நெனச்சேன்."

அவருக்கு அப்போது 12 வயதில் ஒரு மகன். பள்ளிக்கூடம் விட்டால் அம்மாவோடு அத்தை வீட்டுக்கு வந்து பின்பக்கம் உட்கார்ந்திருப்பான். எனக்கு அவனை ஞாபகம் இருக்கிறது, நான் அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்று ராத்திரி அவனை விறகுக் கட்டையால் அடித்திருக்கிறார், எங்கே வைத்தாய் சொல் என்று. இடது முழங்கை உடைந்து, கட்டுப் போட்டு, சரியாகச் சேரவில்லை. "அவன் எடுக்கலம்மா எடுக்கலம்மான்னு சொல்லிகினே இருந்தான். கற்பூரம் அடிச்சவ நானு, அவன நம்பல பாரு." இன்றைக்கு அவனுக்கு 29. ஓசூரில் வேலை. பணம் அனுப்புகிறான், வீட்டுக்கு வருவதில்லை.

அத்தை அழுதார். நான் அழக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தவன், முடியவில்லை. அந்த அக்கா அழவில்லை. உறையை நீட்டினேன், முறத்தில் வைக்கச் சொன்னார், எண்ணவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டு வந்தார். மகன் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

"எங்கிட்ட சொன்னத அவங்கிட்ட சொல்லு. அப்புறம் குடு, நான் பேசணும்."

சொன்னேன். நான் யார் என்று சொன்னதும் "கணக்கு அண்ணனா" என்றான். மீதியைச் சொன்னேன். வெகு நேரம் சத்தமே இல்லை, பின்னால் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும். "அம்மாகிட்ட குடுங்க" என்றான். கொடுத்துவிட்டுத் தெருப்பக்கம் வந்து நின்றோம். அவர் பேசியது கேட்கவில்லை. உள்ளே ஒரு குரல் உடைந்தது மட்டும் கேட்டது.

கிளம்பும்போது அத்தையிடம் ஒன்று சொன்னார். அந்தத் தெருவில், அந்த வீட்டு வாசலில், கற்பூரம் கொண்டுவந்தவர் வீடு திறந்திருக்கும்போது இதைச் சொல்ல வேண்டும். அத்தை சரி என்றார்.

இன்று காலை அப்பம் வாங்கினேன். அந்த ஈரக் கை வந்தது. அதோடு ஒரு பையனின் முழங்கையும் வந்தது. போய்விடும் என்று நினைத்தது போகவில்லை. ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை, கையை நீட்டினேன். ஆயர் ஐயா, நீங்கள் கரிநெருப்பு என்று சொன்னது இதைத்தானா என்று தெரியவில்லை.

ஆரணித் தறி | திங்கள், காலை 6.40

ஒருவருக்காக இன்னொருவர் அறுப்பது எனக்கு இன்னும் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் உங்களை அந்த வாசல் வரைக்கும் கொண்டுபோன ஒன்று இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். அந்தத் தம்பியின் கை எப்படி இருக்கிறது, மடங்குமா?

பாலாற்று மணல் | திங்கள், இரவு 9.50

முழுசாக மடங்காதாம். அவனே சொன்னான், இன்று மதியம் போன் செய்தான். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அம்மாவைப் பார்க்க வருகிறான். குடியாத்தம் தெருவுக்கும் அவனே வருகிறேன் என்கிறான், தான் அங்கே நிற்க வேண்டுமாம். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நேரில் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது?

ஆம்பூர் காலை ஷிப்ட் | செவ்வாய், காலை 6.05

ஒன்றும் சொல்லாதீர்கள் அண்ணா. சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவன் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். பஸ் வந்துவிட்டது, சாயந்திரம் எழுதுகிறேன்.